படிவத்தில் நாலு பேர்

'நாளை மாஸ்டர்' தன் மச்சானை வலியக் கூப்பிட்டுப் பயணத்தில் சேர்த்துக்கொண்டபோதே வீட்டில் எல்லாருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷ உறவில் அந்த மனிதருக்கு ஒரு சட்டையைக்கூடச் சொன்ன தேதியில் தைத்துக் கொடுத்தவரில்லை அவர். பேருந்து நடத்துநராக இருந்த மச்சான், ஓய்வுபெறும் விழாவில் போட்டுக்கொள்ளக் கொடுத்த கோட்டு, முதல் ஓய்வூதியம் வந்து ஆறு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அப்படிப்பட்டவர், "மச்சான், நீங்களும் வரணும். நீங்க இல்லாம எங்களுக்கு என்ன பயணம்?" என்று குழைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்காதா?

இருந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மாஸ்டரின் பட்டப்பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் தையற்காரர். துணி கொடுத்தவர் எப்போது வந்து கேட்டாலும் "நாளைக்கு" என்பார். துணியை இன்னும் கத்தரிக்கவே இல்லை என்றாலும் நாளைக்குத்தான்; தைத்து முடித்து மேசைமேல் இருந்தாலும் பழக்க தோஷத்தில் நாளைக்குத்தான். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. முகத்துக்கு நேராக ஒருவரை ஏமாற்றத்தோடு அனுப்ப அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான். ஏமாற்றத்தை ஒருநாள் தள்ளி வைப்பார். இன்னொரு பழக்கம், யாருக்கு எதைத் தைத்தாலும் உள்மடிப்பில் ரெண்டு இன்ச் கூட விடுவது. "வளர்ற உடம்பு, பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்" என்று அறுபது வயதுக்காரரிடமும் சொல்வார்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். கடையில் பட்டனும் காஜாவும் அவள் வேலை. வாயில் நூலைக் கடித்துக்கொண்டே, "உங்க துணி மூட்டையிலேயே இருக்கு, இவர் இன்னும் தொடவே இல்ல" என்று வந்தவர்களிடம் போட்டு உடைப்பாள். பொய் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வாள். ஒரு வீட்டில் ஒரு அரிச்சந்திரன் இருந்தாலே கஷ்டம், அதிலும் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்க வேண்டுமா?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பட்டப்பகலில், ஆற்றுக்கு மேலே இருந்த அணை உடைந்தது. ஊர் போயிற்று. மாஸ்டரும் மனைவியும் மகனும் கடையின் கூரையில் ஏறித் தப்பித்தார்கள். எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பள்ளிக்கூடம் ஆற்றங்கரையில் இருந்தது. சின்னவள் கிடைக்கவே இல்லை. உடல்கூட.

மீள்கட்டுமானத் துறை என்று ஒன்று வந்தது. "இருந்தது இருந்தபடியே" என்பது அதன் வாசகம். மேட்டு நிலத்தில் பழைய ஊரை அச்சு அசலாகக் கட்டித் தருவார்களாம். அதற்கு ஒவ்வொரு குடும்பமும் இழந்த வீடு எப்படி இருந்தது என்று படிவம் நிரப்ப வேண்டுமாம். 'வசிப்போர் எண்ணிக்கை' என்ற இடத்தில் மாஸ்டர் நாலு என்று எழுதினார். யோசித்து எழுதவில்லை. கை எழுதியது.

ஒரு வருஷம் கழித்து, காணாமல் போனவர்களை இறந்தவர்களாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லித் துறையிலிருந்து காகிதம் வந்தது. மாஸ்டர் போய், "நாளைக்கு வந்து போடறேன்" என்றார். ஊரில் எல்லாரையும் இழுத்தடித்தவர் அரசாங்கத்தை மட்டும் விட்டுவிடுவாரா? எட்டு வருஷம் இழுத்தடித்தார். அதிகாரிகள் மாறினார்கள், மேசைகள் மாறின, நாளை மட்டும் மாறவில்லை.

வீட்டில் மனைவி ஒரே ஒருதரம் கேட்டாள்: "போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றார். இல்லை என்றால் மறுபடி மறுபடி அந்தப் பேச்சு வருமே, அவள் மனசு எத்தனை தரம் அறுபடும் என்று நினைத்தார். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவது நூல், ஊசி, சாப்பாடு என்ற அளவோடு நின்றுபோனது. மகள் போன துக்கம், ஆறட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

இப்போது வீடு தயார் என்று கடிதம் வந்திருக்கிறது. படிவத்தில் உள்ள எல்லாரும் நேரில் வரவேண்டும். ஆள் குறைந்தால் குறைந்த ஆளுக்கான ஒப்புதலில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாவி வாங்கவேண்டும். கடிதத்தை மாஸ்டர் நாலு தரம் படித்தார். மனைவிக்கு முன்னால் அந்தக் காகிதத்தை நீட்டினால் எட்டு வருஷப் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். அதைவிட, அவள் பார்க்க அந்தப் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதற்கு அவரால் ஆகாது. வருகிற அதிகாரி தலையைத்தானே எண்ணப் போகிறார் என்று கணக்குப் போட்டு, நாலாவது தலையாக மச்சானைக் கூட்டிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் அறுபத்தோரு வயதுப் பூசணிக்காயை எட்டு வயதுப் பிள்ளையின் இடத்தில் மறைக்கப் பார்த்தார்.

வீட்டுக்கு நேராகப் போக முடியாது. முதலில் நன்கொடையாளர்களின் 'உணர்வுச் சுற்று' முடித்தாக வேண்டும். பேருந்தில் ஒவ்வொரு இருக்கையிலும் காகிதக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருந்தார்கள். ஏறியதும் மச்சான் தொழில் பழக்கத்தில் எல்லார் தலையையும் ஒருமுறை எண்ணிக்கொண்டார். 'நினைவுத் துணை' என்று மார்பில் அட்டை குத்திய ஒரு பெண் ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"எல்லாரும் இடது பக்கம் பாருங்க. இங்கதான் உங்க ஊரோட சந்தை இருந்தது. இப்ப ரெண்டு நிமிஷம் மௌனம். முடிஞ்சதும் கழிவறை வலது பக்கம்."

ரெண்டு நிமிஷம் ஆனதும் மணி அடித்தாள். துக்கம் அத்தோடு முடிந்தது.

புதிய ஊர் படு சுத்தமாக இருந்தது. இருந்தது இருந்தபடியே என்ற வாக்கைத் துறை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருந்தது. பழைய புகைப்படம் ஒன்றில் சாய்ந்து நின்ற விளக்குக் கம்பத்தை அதே அளவு சாய்த்து நட்டிருந்தார்கள். அது விழாமல் சாய்வதற்கென்று ஒரு பொறியாளர் தனியாக வேலை பார்த்தாராம். தெருமுனைப் பள்ளத்தைக்கூடப் பழைய ஆழத்துக்குத் தோண்டி, மழைத் தண்ணீர் தேங்க வசதி செய்திருந்தார்கள். பழைய ஊரில் அந்தப் பள்ளத்தை மூடச் சொல்லி ஜனங்கள் பன்னிரண்டு வருஷம் மனுக் கொடுத்தார்கள். அப்போது அதைத் தொட ஆளில்லை.

புகைப்படம் இல்லாத இடங்களில் மக்களின் படிவத்தைத் துறை நம்பியது. அங்கேதான் வினை. ஓட்டை ஒடிசல் தகரக் கொட்டகையில் முடிவெட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு மாடி வைத்த வீடு. ரொட்டிக் கடைக்காரருக்கு வாசலில் ஆறு தூண், உச்சியில் மணிக்கூண்டு. எதிர்வீட்டுக்காரர் நீச்சல் குளம் இருந்ததாக எழுதியிருந்தார். வெள்ளத்தில் ஊரே நீச்சல் குளமானதைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே அறை இருந்த துறை அலுவலகம் இப்போது நாலு மாடி. அவர்களும் ஒரு படிவம் நிரப்பியிருப்பார்கள் போலும்.

"எல்லாரும் புளுகியிருக்காங்கப்பா" என்று மகன் சிரித்தான். பக்கத்து நகரத்தில் கணினி பழுதுபார்க்கிறவன். எதிலும் கோளாறைத்தான் முதலில் பார்ப்பான். "நீங்க என்னத்தை எழுதினீங்க? அரண்மனையா?"

"உள்ளதைத்தான் எழுதினேன்" என்றார் மாஸ்டர். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வெளியே சாய்ந்த கம்பத்தை ரசிக்க ஆரம்பித்தார்.

அடுத்தது 'வெள்ள அனுபவ அறை'. பிளாஸ்டிக் மேலங்கி கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். விளக்கு அணையும், சங்கு ஊதும், முழங்காலுக்குத் தண்ணீர் வரும், நாலு பக்கமும் சாரல் அடிக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டாம் முறையும் போக வரிசையில் நின்றன. நினைவுத் துணை மேலங்கியை நீட்டியபோது மாஸ்டரின் மனைவி அதை வாங்கி, மடித்து, அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நாங்க ஏற்கனவே பார்த்துட்டோம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக, அட்டையில் எழுதித் தராத ஏதோ ஒன்று தெரிந்தது.

கடைசியில் உணர்ச்சிப் படம். நன்கொடையாளர்களுக்கு அனுப்பவாம். புகைப்படக்காரர் கையில் மூன்று முத்திரை இருந்தது: மிக உருக்கம், உருக்கம், சாதாரணம். மாஸ்டரின் மனைவியிடம், "அம்மா, அந்தக் கதவை ஏக்கமா பாருங்க" என்றார். அவள் பார்த்தாள். "மேல் கீலைத் தலைகீழா மாட்டியிருக்காங்க" என்றாள். சாதாரணம் விழுந்தது. மச்சான் மட்டும் பேருந்து நிலையத்தின் முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுது மிக உருக்கம் வாங்கினார். இத்தனைக்கும் அவர் வேலை பார்த்த தடத்துக்கும் இந்த ஊருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. "நிலையம்னு ஒண்ணைப் பார்த்தாலே எனக்குத் தாங்காது மாப்பிள்ளை" என்று மூக்கைச் சிந்தினார்.

ஒருவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் தையல் கடையும் ஓர் அறையும், பின்னால் இன்னோர் அறை. தூணும் இல்லை, கூண்டும் இல்லை. மனைவி புருவத்தை உயர்த்தினாள். புளுகாத ஒரே வீடு இதுவா என்று அவளுக்கே ஆச்சரியம். அப்புறம் கதவைச் சாணால் அளந்து பார்த்தாள். அலமாரியை அளந்தாள். கடை மேசையை அளந்தாள்.

"எல்லாத்துலயும் ரெண்டு இன்ச் கூட இருக்கு."

"வீடும் வளருமா மாப்பிள்ளை?" என்றார் மச்சான். மகன் வாய்விட்டுச் சிரித்தான். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அவருக்குப் பயமே மறந்துபோயிற்று.

பக்கத்து அறையில் மச்சானின் குரல் கேட்டது. "என்ன மாப்பிள்ளை, ஜன்னலை இப்படித் தரையில வெச்சிருக்காங்க? நாய்க்குட்டி எட்டிப் பார்க்கவா?"

தெருப்பக்கச் சுவரில், தரையிலிருந்து இரண்டே அடி உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. மாஸ்டரின் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பழைய வீட்டில் அந்த ஜன்னல் அவள் கழுத்து உயரத்தில் இருந்தது. தெருவைப் பார்க்க சின்னவள் துணி மூட்டைமேல் ஏறுவாள், வழுக்கி விழுவாள், அழுவாள். "ஜன்னலைக் கீழ இறக்கி வைங்கப்பா" என்பாள். "நாளைக்கு" என்பார் அப்பா. அந்த நாளை வரவில்லை. வெள்ளம் வந்தது.

அவள் மெல்லப் போய், முழங்காலை மடித்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள். எட்டு வயது உயரத்திலிருந்து தெரு முழுக்கத் தெரிந்தது: சாய்ந்த கம்பம், பள்ளம், ரொட்டிக் கடை.

"இது இங்க இப்படி இல்லையே" என்றாள் திரும்பாமல்.

"படிவத்துல ஏதோ கை தவறி..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் 'ஜன்னல் உயரம்' என்ற கட்டத்தில் இரண்டடி என்று எழுதியபோது, இதையாவது செய்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே எழுதியது அவருக்கு ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சரிபார்ப்பு அதிகாரி உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி. காலையிலிருந்து இது அவருக்குப் பதினோராவது வீடு. அட்டையில் செருகிய காகிதங்களைப் புரட்டினார்.

"வசிப்போர் நாலு பேர். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சரியா இருக்கு."

பேனா காகிதத்தில் பட்டது. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெண்ணெய் திரண்டு வந்த அந்த நேரத்தில்தான் தாழி உடைந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் மச்சான். "என்னையும் சேர்த்து எண்ணிட்டீங்க. நான் விருந்தாளி. முப்பத்தஞ்சு வருஷம் வண்டியில ஆள் எண்ணினவன் நான். கணக்குல வராத ஒருத்தரைக்கூட ஏத்தினதில்ல. மூணுதான்."

மாஸ்டர் அவர் காலை மிதித்தார். "ஏன் மாப்பிள்ளை மிதிக்கறீங்க?" என்று சத்தமாகவே கேட்டார் அந்த உத்தமர்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார். "கணவர், மனைவி, மகன்... நாலாவது, மகள். எட்டு வயசு. ஒப்புதல் நிலுவைன்னு போட்டிருக்கு." இன்னொரு காகிதத்தை உருவி, பேனாவோடு நீட்டினார். "எட்டு வருஷமா நிலுவை சார். இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா சாவியைக் கொடுத்துடுவேன்."

மாஸ்டர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டார். வாய் தானாகத் திறந்தது. "நாளைக்கு வந்து..."

"இன்னைக்குத்தான் சார் கடைசி நாள்."

மகன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மச்சானுக்கு, தான் எதை உடைத்தோம் என்று இப்போதுதான் மெல்லப் புரிந்தது. கையைப் பிசைந்துகொண்டு சுவரோரம் ஒதுங்கினார். ஜன்னலடியிலிருந்து மனைவி எழுந்து வந்தாள்.

"போட்டாச்சுன்னு சொன்னீங்களே?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "போடல."

"ஒருநாள்கூட?"

"முடியல. பேனாவை எடுப்பேன், வெச்சிடுவேன்."

அவள் வாடிக்கையாளர் முன்னால் அவர் மானத்தை நூறு தரம் வாங்கியவள். இப்போது விடப்போகிறாள் பாணம் என்று மகன்கூடத் தயாராக நின்றான். அவள் அதிகாரியின் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். மேலங்கியை மடித்ததுபோலவே நிதானமாக அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பள்ளிக்கூடம் போயிருக்கா" என்றாள். "இன்னும் வரல."

அவள் பொய் சொல்லவில்லை. வெள்ளம் வந்த அன்றைக்குக் காலையில், உள்மடிப்பு ரெண்டு இன்ச் வைத்துத் தைத்த சீருடையில், சின்னவள் பள்ளிக்கூடம்தான் போனாள். இன்னும் வரவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். தரையோடு கிடந்த ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் விதிமுறை உண்டு, மேலதிகாரி உண்டு, இன்னும் ஏழு வீடு பாக்கி உண்டு. படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். துறை கட்டம் போடுவதில் கஞ்சத்தனமே காட்டாதது அந்த ஒரு தடவை உதவியது. பின்பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில், 'தற்காலிகமாக வெளியே சென்றவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டார். காரணம் என்ற இடத்தில் 'கல்வி' என்று எழுதினார்.

"திரும்பி வரும் தேதின்னு ஒரு கட்டம் இருக்கு." அவர் குரல் இறங்கியிருந்தது. "காலியா விட்டா கணினி ஏத்துக்காதும்மா. ஏதாவது எழுதணும்."

ஆயுளில் முதல்முறையாக அந்த வார்த்தையைச் சொல்ல மாஸ்டருக்குத் தைரியம் இல்லை.

"நாளைக்குன்னு எழுதுங்க" என்றாள் மனைவி.

அதிகாரி எழுதினார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே வெளியே போனார். புகைப்படக்காரர் எங்கேயோ தெருக்கோடியில் வேறு யாரையோ ஏக்கமாகப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் மகனைத் தோளில் தட்டி, "வா, அந்தப் பள்ளத்தோட ஆழத்தைப் பார்த்துட்டு வரலாம்" என்று வெளியே கூட்டிப்போனார். முப்பத்தைந்து வருஷத்தில் எப்போது இறங்க வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

"என்னை மன்னிச்சிடு" என்றார் மாஸ்டர். "உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் போட்டேன்னு சொன்னேன்."

"போட்டுட்டேன்னு நீங்க சொன்ன அன்னைக்குத்தான் என் மனசு விட்டுப்போச்சு" என்றாள். "எல்லாருக்கும் நாளைக்கு நாளைக்குன்னு இழுக்கற மனுஷன், என் பொண்ணை மட்டும் ஒரே நாள்ல முடிச்சுட்டு வந்துட்டாரேன்னு. எட்டு வருஷமா உங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கல எனக்கு."

அவர் அழுதார். அவளும் அழுதாள். எந்த மணியும் அடிக்கவில்லை. அதனால் எப்போது நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவினாள். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குட்டி ஜன்னலின் முன்னால் குந்தினாள்.

"வெயில் நேரா விழுது. ஒரு திரை வேணும். அளவெடுங்க."

அவர் நாடாவை இறக்கிப் பிடித்து அளவைச் சொன்னார். அவள் சுண்ணக்கட்டியால் சுவரில் குறித்துக்கொண்டாள்.

"உள்மடிப்புல ரெண்டு இன்ச் கூட விடுங்க" என்றாள்.